நான் செத்துப்போன செவ்வாய்க்கிழமை

ஒரு பெண்ணை சர்வதேச வழக்குக்கு நடுவராக்குவதற்காக உயிரையே விட்டவள் கெய்ரோவில் நான் ஒருத்திதான். பாதி நாள் செத்துக் கிடந்தேன். துக்கம் கேட்க வந்தவர்களின் வரிசை நைல் பாலம்வரை நின்றது.

ஷஹீரா கெட்டிக்காரி. துறைமுக ஒப்பந்தச் சண்டைகளில் வக்கீலாக வாதாடியே பேர் எடுத்தவள். கோர்ட்டுக்குப் போகாமல் அந்தச் சண்டைகளுக்குத் தீர்ப்புச் சொல்லும் நடுவர் நாற்காலியில் மட்டும் யாரும் அவளை உட்காரவைக்கவில்லை. நானும் நடுவர்தான்; எங்கள் தொழிலில், ஒரு தடவை உட்கார்ந்தவரைத்தான் மறுதடவையும் கூப்பிடுவார்கள். அந்த முதல் தடவைதான் அவளுக்கு வேண்டியிருந்தது. பெண் வக்கீல்களுக்கு வழிகாட்டும் திட்டத்தில் அவளை என்னோடு கோத்துவிட்டார்கள். வாரம் தவறாமல் என் வீட்டில் காபி, பஸ்பூசா என்கிற ரவை இனிப்பு, ஊர் நடுவர்கள் அத்தனை பேரைப் பற்றிய வம்பு.

அப்போது நான் நடுவர் மையத்தின் நியமனக் குழுவிலும் இருந்தேன். அலெக்ஸாந்திரியா பாரந்தூக்கி வழக்குக்குப் பரிசீலித்த பெயர்களில் அவள் பெயரும் வந்தது. "இவள் என்னிடம் பழகுகிறவள்" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே வந்தேன். முடிவாகும்வரை அவளிடம் பேசக்கூடாது. ஏன் பேசவில்லை என்பதையும் சொல்லக்கூடாது.

அவள் போன் செய்தால் எடுக்கவில்லை. ஒரு விருந்தில் அவளைக் கண்டதும் தூணுக்குப் பின்னால் ஒளிந்தேன். என் உடம்புக்கு அந்தத் தூண் போதவில்லை, அவள் பார்த்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை நேராக வீட்டுக்கே வந்துவிட்டாள். பால்கனியிலிருந்து பார்த்த நான், காவலாளி சாபிரைப் போனில் பிடித்து, "எதையாவது சொல்லி அனுப்பு" என்றேன்.

"சாபிர் மாமா, மேடம் இருக்காங்களா?"

"இல்லம்மா. போயிட்டாங்க."

"எங்க?"

சாபிருக்குப் பொய் வராது. வந்தால் பெரிதாகத்தான் வரும். "அல்லாகிட்ட."

"எப்போ?"

"இப்பத்தான். நீ டாக்ஸிய விட்டு இறங்கறப்போ."

"மேல டிவி ஓடுதே?"

"அவங்களுக்குப் பிடிச்ச சீரியலும்மா. நிறுத்த மனசு வரல."

ஷஹீரா அண்ணாந்து கத்தினாள்: "புதுசா எவளையோ தூக்கிவிடறீங்க, அதானே? என் பேரக் கெடுத்ததே நீங்கதானோன்னு இருக்கு. ஒழுங்கா பதில் சொல்லிட்டுச் சாகுங்க!"

துணி காயப்போடும் கொடிக்குக் கீழே குத்துக்காலிட்டு, பிணத்தைப்போல வாயை மூடிக்கொண்டேன். என் வயதில் அது லேசான காரியமா?

அவள் போய்விட்டாள். சாபிரின் செய்தி போகவில்லை; தெருவெல்லாம் சுற்றியது. மதியத்துக்குள் வாசலில் நாற்காலிகள் வந்துவிட்டன, சர்க்கரை போடாத துக்கக் காபி வந்துவிட்டது. பாரந்தூக்கிக் கம்பெனியின் வக்கீல் டாக்டர் வக்தியும் கறுப்பு டை கட்டிக்கொண்டு வந்து, "நல்ல மனுஷி, தீர்ப்புதான் கொஞ்சம் கோணல்" என்று சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் நான் இறங்கி வந்து எனக்கும் ஒரு காபி கேட்டதும் மிச்சக் கூட்டம் கலைந்தது.

ஷஹீராவையே நியமித்தார்கள். அவளும் முறைப்படி என்னோடு உள்ள பழக்கத்தை வெளிப்படுத்தி எழுதிக் கொடுத்தாள். வக்தி அதைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பெண்களும் கூடிப்பேசி வாங்கிய பதவி, அவளை நீக்க வேண்டும் என்று ஆட்சேபம். குழுவின் மற்ற இருவரும் எங்கள் மூவரையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். முதல் நாற்காலி, உட்காருமுன்பே ஆடியது.

"பேர் பரிசீலனைக்கு வந்ததுலேர்ந்து அவங்க எங்கிட்ட ஒரு வார்த்த பேசல," என்றாள் ஷஹீரா. "தேடிப் போனா, செத்துட்டாங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. ஏன்னு நியமனம் கைக்கு வந்தப்பதான் புரிஞ்சுது."

வக்தி சிரித்தார். "கேக்கறவன் கேணையனா? உயிரோட இருக்கறவ, செத்துட்டேன்னு சொல்லி அனுப்புவாளா? இதெல்லாம் நடக்கற கதையா?"

"டாக்டர்," என்றேன் நான், "அன்னிக்கு சாபிர் போட்ட காபி எப்படி இருந்துச்சு?"

அவர் கை தானாகக் கழுத்து டைக்குப் போனது.

"என்ன காபி?" என்று கேட்டார் குழுத் தலைவர்.

வக்தி ஆட்சேபத் தாளை மெதுவாக மடித்துப் பைக்குள் வைத்தார். "வாபஸ் வாங்கிக்கறேன். நடந்தது நெஜந்தான். ரெண்டு கப் குடிச்சேன். கொஞ்சம் அழுதேன்கூட."