மெஷின் நிற்கட்டும்

இராஜகுமாரி துணி உலர்த்தும் ட்ரையரின் கதவைச் சாத்திப் பொத்தானில் விரலை வைத்தபோது, நாத்தனார் இலட்சுமி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன பண்ற? தம்பிய நடு வீட்டுல கெடத்தியிருக்கு. எடுக்கிற வரைக்கும் நெருப்பு மூட்டலாமா?"

"இது கரண்டுல ஓடுறது அண்ணி. அவருக்குப் போடுற சட்டை ஈரமா இருக்கு."

"சூடு வருதில்ல? அப்ப அதுவும் அடுப்புதான்."

இஸ்திரிப் பெட்டிக்கும் அதே சட்டமாம். வெளியே பலாங்கொடை மழை விட்டபாடில்லை. ஊரார் சட்டையெல்லாம் மொடமொடவென்று மடித்துக் கொடுத்த லோன்ட்ரிக்காரர் பழனிமுத்து, கடைக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறையில் கசங்கிய ஈரச் சட்டையோடு படுத்திருந்தார். இராஜகுமாரி புருஷனின் காலரை உள்ளங்கையால் நீவிப் பார்த்தாள். கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மெஷின் ஓடாத வீடு வேறு யாருடைய வீடோ போலிருந்தது. தேயிலைத் தோட்டத்து லய அறையை விட்டு இறங்கி வந்த நாள் முதல் அந்த உறுமலோடுதான் அவளுக்குச் சோறும் தூக்கமும். இந்த மழை ஊரில் அதற்கு ஓய்வேது? "இந்த மெஷின் நிக்கட்டும் புள்ள. கடைய மூடிட்டு யட்டியாந்தோட்டைக்கு நிரோஷாகிட்ட போயிருவோம்" என்பார் அவர். மகள் நிரோஷா வீட்டில் இவளுக்கென்று ஓர் அறை சும்மா கிடந்தது, ஜன்னலோடு.

பத்துப் பன்னிரண்டு வருடம் தாங்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள். இதுவோ கிழடு தட்டியும் சாகிற வழியாக இல்லை. பெல்ட் அறுந்தால் மனிதர் பெல்ட் மாற்றுவார். சூடேற்றும் கொயில் போனால் கொயில். அவரை மட்டும் குறை சொல்லி என்ன? பஞ்சு அடைத்தால் தீப்பிடிக்கும் என்று பயந்து, ஒவ்வொரு முறையும் வலைத்தட்டை வழித்து, பின்குழாயைக் குடைந்து சுத்தம் பண்ணி, அதன் ஆயுளைக் கூட்டிக்கொண்டே வந்தவள் இவள்தான்.

பின்னேரம் தூக்கினார்கள். மயானத்துக்குப் போன ஆண்கள் தொப்பலாக நனைந்து திரும்பினார்கள்.

"இப்பப் போடலாம்" என்றாள் இலட்சுமி.

மகன் ஜனகன் ஈரத்துணிகளை அள்ளித் திணித்துப் பொத்தானை அழுத்தினான். டிரம் பாதிச் சுற்றுத்தான் சுற்றியது. கடகடவென்று ஒரு சத்தம், கருகல் வாடை, அவ்வளவுதான். அவன் பின்மூடியைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்த்தான்.

"மோட்டரே எரிஞ்சிருச்சு. இனி இதப் பாத்து வேலையில்ல."

காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத இராஜகுமாரி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கி அழுதாள். பாதி அழுகை புருஷனுக்காக. மீதியை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். போய்விடலாம், இனிப் போய்விடலாம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"அழட்டும் விடு. தம்பி கை பட்ட சாமானில்லையா" என்றாள் இலட்சுமி.

ஜனகன் ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். திரும்பி வந்து அம்மாவின் பக்கத்தில் குந்தினான்.

"அழாதீங்கம்மா. அப்பா கடைய நான் மூட விடுவேனா? ஸஹாப்தீன் நானா கடையில புதுசு ஒன்னு சொல்லிட்டேன். நாளைக்கே வருது. நீங்க பாத்துக்கிற மாதிரி பாத்துக்கிட்டா, இருவது வருஷமும் உழைக்குமாம்."

இராஜகுமாரி வாயைத் திறந்தாள். அப்பாவைப் புதைத்துவிட்டு வந்த பிள்ளையின் முகத்தில் அன்றைக்கு முதன்முதலாக ஒரு தெளிவு. வாயை மூடிக்கொண்டாள்.

"கொஞ்சம் எழும்பித் தள்ளி நில்லுங்கம்மா. வரப்போறது பெரிசு, வாசல்ல நுழையுதான்னு பாக்கணும்."

அவன் கதவு நிலையைச் சாண் போட்டு அளந்தான். அவள் சுவரோடு ஒட்டி நின்று அவனுக்கு இடம் விட்டாள்.