ஜெயவேலு கத்தாத நாள்

சிட்லபாக்கம் ஏரிக்கரைத் தெருவில் ஜெயவேலுவின் குரலை அறியாதவர், நேற்றுக் குடிவந்தவராகத்தான் இருப்பார். ஹார்டுவேர் கடைக்காரர். ஆணி விலை கேட்டாலும் அலறித்தான் சொல்வார். ரத்தக் கொதிப்பு எகிறியதும் டாக்டர் அவரை, தியானம் மூளையை என்ன செய்கிறது என்று ஆராய்கிற ஒரு குழுவிடம் தள்ளிவிட்டார். எட்டு வாரம் தினமும் மூச்சைக் கவனிக்க வேண்டும். முதலிலும் கடைசியிலும் மூளையை ஸ்கேன் எடுப்பார்கள்.

"நீ கண்ண மூடிகினு குந்துனா கொறட்டதான் வரும்," என்று மனைவி கங்கையம்மாள் சிரித்தாள்.

ஆனால் மனிதருக்கு எதிலும் உடும்புப் பிடி. ஒருநாள் கடையில் பெயின்ட் டப்பா கவிழ்ந்து தரையெல்லாம் நீலமானபோதும் வாய் திறக்கவில்லை. தெருவே அதிசயித்தது. அவருக்கும் பெருமையில் தலைகால் புரியவில்லை.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மாடியில் பெண்டாட்டி பிள்ளைகளோடு குடியிருக்கும் தம்பி மோகன்ராஜ் ஏதாவது சண்டையில் "தனியா போறேன்" என்று கிளம்புவான். ஜெயவேலு வாசலை மறித்துத் தெருமுனை வரை கேட்கத் திட்டுவார். தம்பி முறைத்துவிட்டு மாடியேறுவான். கொஞ்ச நேரத்தில் கீழிருந்து மீன் குழம்பு மேலே போகும். "போகாதே" என்று வாய்விட்டுச் சொல்ல அந்தக் குடும்பத்தில் யாருக்கும் வராது.

இந்த முறை தண்ணீர் மோட்டார் போடுவதில் சண்டை வந்தது.

"பெரும்பாக்கத்துல ஃபிளாட் பாத்துட்டேன். போறேண்ணா," என்றான் மோகன்ராஜ்.

ஜெயவேலுவுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. கோபம் எழும்பி வருவது தெரிந்தது. மூச்சைக் கவனித்தார். கோபம் வந்தது, நின்றது, போயே போய்விட்டது.

"சரிப்பா. உன் இஷ்டம்."

தம்பி நகரவில்லை. அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அந்த வாரமே வண்டி வந்து சாமான் ஏறியது. அன்றுகூடத் தன் நிதானத்தை உள்ளுக்குள் மெச்சிக்கொண்டார், பாவி மனிதர்.

கடைசி ஸ்கேன் முடிந்ததும் ஆராய்ச்சிக் குழுவின் சினேகா படங்களைக் காட்டினாள். "கோவமான முகங்கள காட்டுனப்போ மொதல்ல இந்த எடம் பளிச்சுனு ஆச்சு சார். ஆபத்துன்னு மணி அடிக்கிற எடம். இப்ப பாருங்க, நல்லா அடங்கியிருக்கு. சூப்பர் ரிசல்ட்!"

"தம்பி வூட்ட வுட்டுப் போறேன்னான்மா. அப்பவும் நான் அடங்கியே இருந்துட்டேன்."

அவள் சிரிப்பு நின்றது. "கோவத்த கவனிங்கன்னுதான் சார் சொன்னோம். பேச வேண்டியத பேசாதீங்கன்னு சொல்லலையே."

அதற்குமேல் அவரால் அங்கே உட்கார முடியவில்லை. கோபத்தைக் கவனித்தோமே, அதற்கு அடியில் கிடந்த பாசத்தைக் கவனிக்காமல் விட்டோமே என்று மனம் அடித்துக்கொண்டது. நேரே பெரும்பாக்கத்துக்குப் போனார்.

கதவைத் திறந்த மோகன்ராஜ் ஃபேனைப் போட்டான், நாற்காலியைத் துடைத்தான், தட்டில் டம்ளரை வைத்துத் தண்ணீர் நீட்டினான். "டீ சாப்புடுறியாண்ணா?" என்றான். கூடப் பிறந்தவன் அவரை இப்படி உபசரித்ததே இல்லை.

"நான் இன்னா விருந்தாளியாடா? கெளம்புடா வூட்டுக்கு! நீ இல்லாம சோறு எறங்கலடா எனக்கு!" வாரக்கணக்கில் அடைந்து கிடந்த குரல் மொத்தமும் வெளியே வந்தது. எதிர் ஃபிளாட்டிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

மோகன்ராஜின் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் போய்க் கதவைச் சாத்தினான்.

"இத அன்னிக்கே கத்தியிருந்தா போயிருக்க மாட்டேண்ணா. பசங்கள இங்கயே ஸ்கூல்ல சேத்துட்டேன்," என்றவன், குரலைத் தாழ்த்திக்கொண்டான். "மெதுவா பேசுண்ணா. பக்கத்து வூட்ல கேக்கும்."