வரைபடத்தில் இல்லாத மேடு

"இதுல ஹெஸ்டர் எங்க?" என்று கேட்டாள் லவினா.

மண்கட்டி வீட்டுக்குள், மாவு மூட்டைகளின் மேல் பலகையைப் போட்டு, வரப்போகும் ஊரின் வரைபடத்தை அதில் விரித்து வைத்திருந்தான் அவள் கணவன் ஆரின் பெல்ஹாம். வெளியே கான்சாஸ் புல்வெளியில் ஊர் என்று ஒரு குச்சிகூட நட்டிருக்கவில்லை. படத்தில் மட்டும் அகலமான தெருக்கள், பள்ளிக்கூடம், நீதிமன்றம், பூங்கா எல்லாம் இருந்தன.

"ஓடைக்கு மேற்கே, இந்த மேட்டுல." அவன் விரலை வைத்துக் காட்டினான். "ஆனா இப்ப எழுத வேண்டாம் வினி. கிழக்கேயிருந்து மனை வாங்க வர்றவன் கண்ணுல மொதல்ல கல்லறை பட்டா, வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயிடுவான். ஊர் ஒண்ணு நிக்கட்டும். அப்புறம் நானே வேலி போட்டு, கல்லு நட்டு, பேரும் வெட்டறேன்."

"நிச்சயமா?"

"அவ என் பொண்ணு இல்லையா?"

அதன் பிறகு லவினா கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற பொருளா அது? தானாகவே செய்வான் என்று இருந்துவிட்டாள்.

ஊர் நின்றது. அதற்கு அவன் பெயரே வந்தது. ஆனால் மேட்டுக்கு வேலி வரவில்லை. முதலில் மாவட்டத் தலைநகர் எந்த ஊர் என்று தேர்தல்; அது முடியட்டும் என்றான். பிறகு ரயில் வரட்டும் என்றான். அப்புறம் மேயர் ஆனான், பேச்சே நின்றுபோனது.

பேச்சு நின்றதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஊர் பிறந்த நாள் விழாவில் ஆண்டு தவறாமல் மேடை ஏறி ஒரு வேடிக்கை சொல்வான்: "எங்க ஊர்க் காத்து அப்படி! ஆரம்பத்துல ஒருத்தரும் சாகலை. கல்லறைத் தோட்டம் திறக்கணும்னா எவனையாவது சுட்டாத்தான் உண்டுன்னு ஆயிடுச்சு."

கூட்டம் சிரித்துக் கைதட்டும். லவினா அதே மேடையில், பூ வைத்த தொப்பியுடன், கையுறைகளை மடியில் பிசைந்துகொண்டிருப்பாள். அவர்கள் வந்த முதல் குளிர்காலத்தில், பனிப்புயலுக்கு நடுவே, காய்ச்சலில் கொதித்த குழந்தை ஹெஸ்டர் அவள் மார்பிலேயே ஆறிப்போனது. அந்தக் குழந்தை பிறக்கவே இல்லை என்பதுபோல ஊர் சிரித்தது. வலியாக இருந்தது, வருடம் ஏற ஏறக் கோபமாயிற்று.

இந்த வசந்தத்தில் ஒரு காலை, விடுதி நடத்தும் டார்கஸ், ஏப்ரனில் ஒட்டிய மாவோடு பின்வாசலில் வந்து நின்றாள்.

"ஏண்டி மேயர் பெண்டாட்டி, உன் புருஷன் என் புருஷனை வித்துட்டான், தெரியுமா?"

"எந்தப் புருஷனை?"

"செத்தவனைத்தான். இருக்கறவனை யாரு வாங்குவா?" டார்கஸ் சிரித்துக்கொண்டே புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "மேட்டுல தானியக் கிடங்கு வருதாம். சிவப்புத் துணி கட்டிக் குச்சி அடிச்சிருக்காங்க. இன்னிக்குச் சாயங்காலம் நகர்மன்றத்துல ஓட்டு."

இருவரும் போய்ப் பார்த்தார்கள். டார்கஸின் முதல் கணவன் எலாம், பெயர் கேட்பதற்குள் இறந்துபோன ஒரு வண்டிக்காரன், ஹெஸ்டர் மூவரும் அங்கேதான் கிடந்தார்கள். ஹெஸ்டரைச் சுற்றி லவினா தன் கையால் அடுக்கிய கற்களின் நடுவில் ஒரு குச்சி நின்றது. அவள் அதைப் பிடுங்கி வீட்டுக்கு எடுத்து வந்தாள்.

மதியச் சாப்பாட்டில், சோள ரொட்டிக்குப் பக்கத்தில் அதை வைத்தாள்.

"என்ன இது?"

"உங்க பொண்ணு மேல அடிச்சிருந்தாங்க."

ஆரின் முகம் சிவந்தது. "அஸ்திவாரம் அவ்வளவு ஆழமாத் தோண்ட மாட்டாங்க, லவினா."

அவள் குச்சியை அவன் தட்டுக்கு இன்னும் அருகே தள்ளினாள்.

"ரயில் பாதையை ஒட்டி வேற மேடு கிடையாது. அங்க கல்லறை இருக்குன்னு இப்பப் போய்ச் சொன்னா, நான் இத்தனை வருஷம் பேசினதெல்லாம்..."

"பொய்னு ஆயிடும்."

"வேடிக்கைக்குச் சொன்னது."

"வேடிக்கை, சிரிச்சவங்களுக்குத்தான்."

அவன் மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி அவள் விரல்களைத் தொட்டான். அந்தக் கை இன்னும் அவளுக்குப் பிரியமானதுதான். அதனாலேயே ஆத்திரம் கூடியது.

"உனக்கு நான் எதை இல்லைன்னு சொல்லியிருக்கேன்? அப்புறம் நீ கேக்கவே இல்லையே, வினி."

ஆக, குற்றமும் அவள் மேல்தான். ஆரின் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

சாயங்காலம் பள்ளிக்கூட அறையில் நகர்மன்றம் கூடியது. தீர்மானத்தைப் படித்துவிட்டு, மேயர் வழக்கம்போலக் கேட்டான்: "ஓட்டுக்கு முன்னாடி யாராவது ஏதாவது சொல்லணுமா?" அந்தக் கேள்விக்கு யாரும் எழுந்திருப்பதில்லை.

லவினா எழுந்தாள்.

"ஏன் மேயரம்மா, வீட்டுல பேசி முடிக்கலையா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அறை சிரித்தது.

"வாயை மூடுடா. நாளைக்கு என் விடுதியில உனக்குச் சோறு கிடையாது," என்றாள் டார்கஸ்.

"லவினா, உக்காரு," என்றான் ஆரின் மெதுவாக.

"நான் என் புருஷன்கிட்ட பேசலை. மேயர்கிட்ட பேசறேன்."

நடந்துபோய்ச் சிவப்புத் துணிக் குச்சியை அவன் முன்னால் வைத்தாள். சிரிப்பு அடங்கியது.

"மேயர் ஐயா, இந்த ஊர்ல மொதல்ல செத்தது ஹெஸ்டர் பெல்ஹாம். அந்த மேட்டுல படுத்திருக்கா. அவளுக்குப் பக்கத்துல எலாம், அந்தப் பக்கம் பேர் தெரியாத ஒரு வண்டிக்காரன். அதை விக்காதீங்க. கேக்கவே இல்லைன்னு இனி யாரும் சொல்ல வேண்டாம், இப்ப கேக்கறேன். வேலி போட்டு, கல்லு நட்டு, என் பொண்ணு பேரை வெட்டிக் குடுங்க."