றீற்றா பிடித்த மீன்

போனைத் திருத்தித் தர முர்ஷித்துக்கு மூன்று கிழமை பிடித்தது. வெள்ளவத்தை மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், இரண்டு பேர் நின்றால் மூச்சு முட்டும் கடை. போகும்போதெல்லாம் "நாளைக்கு வாங்க" என்றான். நான் புதுக்கடை நீதிமன்றத்தில் ஒரு லோயரிடம் கிளாக்கர். வழக்குக்குத் தவணை வாங்குவது எங்கள் தொழில், எனக்கே தவணை போடுகிறாயா என்று கத்திவிட்டு வந்தேன். என் கத்தலுக்கு யார் பயப்படுகிறார்கள்!

அது என் மனைவி நேசமலரின் பழைய போன். மகள் மிதுனாவுக்குப் படம் எடுக்கக் கொடுத்திருந்தோம். அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய அவசரத்தில் அது விழுந்து நொறுங்கியது. ஒன்பது வயது, டெங்கு, ஐந்து நாள், அவ்வளவுதான். வருகிற மாதம் ஆண்டுத் திவசம். அதற்கு எல்லோரும் தேவாரம் போட்டு நினைவுப் புத்தகம் அடிப்பார்கள். பிள்ளை எடுத்த படங்கள்தான் புத்தகம் முழுக்க வரவேண்டும் என்று நேசம் ஒற்றைக்காலில் நின்றாள்.

"குரல் ஏதும் கிடக்குதோ எண்டும் பாருங்கோ," என்றாள். "அவளின்ர குரல் எனக்கு மறந்துகொண்டு வருது."

பிள்ளைக்கு இரண்டு விசர். ஒன்று வண்ணத்துப்பூச்சி வளர்ப்பது. ரயில் பாதையோரம் எருக்கலை இலைகளைப் புரட்டி, முட்டை இருக்கும் கொப்பாகப் பார்த்து முறித்து வருவாள். கொப்பு வாடாமல் ஜாம் போத்தல் தண்ணீரில் வைக்கவும், புழு விழுந்து சாகாமல் போத்தல் வாயைப் பஞ்சால் அடைக்கவும் நேசம்தான் காட்டிக் கொடுத்தாள். முதலில் வரிவரியாய்ப் புழு, பிறகு பச்சைக் கூடு, பிறகு செம்மஞ்சள் செட்டை. மற்ற விசர் றீற்றா என்ற பொம்மை. றீற்றா செவ்வரத்தைக்குக் கீழே படுத்திருப்பாள், நத்தையோடு கதைப்பாள், கூட்டுக்குக் காவல் இருப்பாள். எல்லாவற்றையும் பிள்ளை படம் எடுத்து வைப்பாள்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை, நேசம் வேலைக்குப் போயிருந்தாள். மாடி வீட்டுப் பஹ்மியா போன் எடுத்தாள். "அண்ணே, நுளம்பு பாக்குற பீ.எச்.ஐ. ஆக்கள் வந்துட்டாங்க, பொலிசும் வருது. தண்ணி கிண்ணி இருந்தா எடுத்துப்போடுங்க!"

எங்கள் ஒழுங்கையில் அது வழக்கம். டெங்கு நுளம்பு தேடும் அந்தச் சுகாதாரப் பரிசோதகர்கள் முதல் வீட்டு மணியை அடிக்கும்போதே கடைசி வீட்டுக்குச் சேதி போய்விடும். தண்ணீரை ஊற்றுகிறவர்கள் குறைவு, ஒளித்து வைக்கிறவர்கள்தான் கூட. எங்கள் தோட்டத்தில் ஏழு போத்தல்கள் நின்றன. தேங்கிய தண்ணீருக்கு வழக்குப் போட்டால், நான் தினம் பைல் தூக்கித் திரியும் கோட்டில் நானே கூண்டில் ஏற வேண்டும். மானம் போய்விடுமாம், மண்ணாங்கட்டி மானம்! கொப்புகளைப் புழுக்களோடு சப்பாத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, பஞ்சு கழன்ற போத்தல்களைக் குளியலறைக்கு மேலிருக்கும் வெட்டவெளிக் கொங்கிறீற் சிலாப்பில் ஏற்றினேன். கவிழ்த்து ஊற்ற ஒரு நிமிடம் போதும். ஊற்றினால் முற்றம் நனையும், நனைந்தால் கேள்வி வரும் என்று என் கிளாக்கர் மூளை சொன்னது. பின்னேரம் இறக்கலாம் என்று விட்டேன். பின்னேரம் நேசம் வந்து வேறு போத்தல்களில் கொப்புகளை வைத்துவிட்டாள். நான் மறந்தே போனேன். அன்றிரவே மழை தொடங்கியது.

மூன்றாவது கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல்.

செத்தவீடு முடிந்த மறுநாள்தான் எனக்கு அந்தப் போத்தல்களின் நினைவு வந்தது. ஏறிப் பார்த்தேன். ஏழிலும் நுளம்புக் குடம்பிகள் சின்னப் புழுக்களாய்த் துள்ளிக்கொண்டிருந்தன. அடித்து நொறுக்கிச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய் எறிந்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை.

அடுத்த கிழமை பீ.எச்.ஐ. ஆட்கள் திரும்ப வந்தார்கள். தோட்டத்தில் நின்ற, பஞ்சு அடைத்த போத்தல்களைப் பார்த்து, இதுதான் காரணம் என்பதுபோல் ஒருவன் தலையை ஆட்டினான். நேசத்துக்கு அது போதும். துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருவரிடமும், "நான்தான் என்ர பிள்ளையைக் கொன்றனான், நான் காட்டிக் குடுத்த போத்தல்தான்," என்று சொல்லத் தொடங்கினாள். நான் "விசர்க்கதை கதையாதை" என்று அதட்டுவேன். அதட்டிவிட்டு வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுப்பேன். ஒரு வருடமாக இதுதான் எங்கள் வீடு.

பூச்சி வளர்ப்பதை அவள் விடவில்லை. ஆனால் தண்ணீர் வைக்கமாட்டாள். காலையும் மாலையும் ரயில் பாதைக்கு நடந்து புது இலை கொண்டுவருவாள். பூச்சி வெளியே வந்தால் றீற்றாவைப் பக்கத்தில் இருத்திப் படம் எடுப்பாள். சிரிக்கமாட்டாள், அழவும் மாட்டாள்.

நேற்றுப் பின்னேரம் முர்ஷித் போனைக் கையில் தந்தான். "எல்லாப் படமும் வந்திட்டு அண்ணே. கடைசியா ஒரு வீடியோவும் இரிக்கி."

காலி வீதியில், ஒரு புடவைக்கடை வாசலில் நின்று பார்த்தேன். சிலாப்பின் ஓரத்தில் றீற்றா உட்கார்ந்திருந்தாள். கையில் ஈர்க்குக்குச்சியும் நூலும் தூண்டிலாய்க் கட்டியிருந்தன. நூல் ஒரு ஜாம் போத்தலுக்குள் இறங்கியிருந்தது. உள்ளே குடம்பிகள்.

"றீற்றா மீன் பிடிக்கிறா," என்றது என் பிள்ளையின் குரல். "இது அப்பா ஒளிச்சு வச்ச மீன். நான் யன்னலுக்குள்ளால பாத்தனான். ஏழு போத்தல்! என்ர பிறந்தநாளுக்காக்கும். அம்மாட்டச் சொல்லாதை றீற்றா, சரியோ?" பிறகு பட்டென்று ஒரு அடி. "சீ, நுளம்பு." அதோடு முடிந்தது.

என் பெருவிரல் அழிக்கிற அடையாளத்துக்கு மேலே நின்றது. அழித்தால் ஒரு குஞ்சுக்கும் தெரியாது. மற்றப் படங்களையெல்லாம் பார்த்தேன், வேறு எதிலும் குரல் இல்லை. நேசம் கேட்ட குரல் இதற்குள் மட்டும்தான் இருந்தது. இன்னொரு தடவை பிள்ளையைக் கொல்ல என்னால் முடியவில்லை. அட கடவுளே, அது நல்ல குணத்தால் இல்லை. எனக்கும் அந்தக் குரல் வேண்டியிருந்தது.

வீட்டில் நேசம் ஒரு கூட்டைப் பார்த்துக்கொண்டு மேசையடியில் இருந்தாள். போனை நீட்டினேன். "குரல் கிடக்குது," என்றேன்.

"மீன் பிடிக்கிறா" என்றபோது அவள் சிரித்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. வீடியோ முடிந்தது. திரும்பப் போட்டாள். மூன்றாம் தரமும் போட்டாள். சிரிப்பு எப்போது போனது என்று நான் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீங்களே வச்சனீங்கள்?"

"ஓம்."

"தெரியுமோ உங்களுக்கு, இவ்வளவு நாளும்?"

"ஓம்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அதுதானே எனக்குத் தெரிந்த வேலை.

"வந்த சனத்துக்கெல்லாம் நான்தான் கொன்றனான் எண்டு சொன்னனான்," என்றாள். "நீங்கள் பக்கத்தில நிண்டு தேத்தண்ணி குடுத்தனீங்கள்."

மணி அடித்தது. திவசத்துக்குச் சமைக்கப் பெரிய சட்டிகள் தருவதாகச் சொன்ன பஹ்மியா அவற்றோடு வாசலில் நின்றாள். எங்கள் முகங்களைப் பார்த்ததும், "பிறகு வாறேன் அக்கா," என்று திரும்பிப் போகப் பார்த்தாள்.

"இல்லை பஹ்மியா, உள்ள வாங்கோ," என்றாள் நேசம். சட்டிகளை வாங்கிக் கீழே வைத்து, கதிரையை இழுத்துப் போட்டாள். "இருங்கோ. இவர் உங்களுக்கு ஒண்டு சொல்லவேணுமாம்."

பிறகு தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனாள்.