துளை இல்லாத பெட்டி

அந்த வீடியோ கேம் பெட்டி இரண்டு மாடலாக வந்தது. டிஸ்க் போடத் துளை உள்ளது பெரியது. துளை இல்லாதது சின்னது. சின்னதில் எந்த விளையாட்டு வேண்டுமானாலும் கம்பெனிக்கே காசு கட்டி இணையத்திலிருந்துதான் இறக்க வேண்டும். அதனால் பெட்டியின் விலை குறைவு. சும்மா குறைக்கக் கம்பெனிக்காரனுக்கு என்ன பைத்தியமா? டிஸ்க் ஓட்டும் கருவியைத் தனியாக விற்றான். இரண்டையும் சேர்த்து வாங்கினால் பெரிய பெட்டியைவிடக் கூடுதலாக அழ வேண்டும்.

சின்னப் பெட்டிகள் கடையில் மலையாகத் தேங்கியபோது வழி சொன்னவள் அங்கே விற்பனைப் பிரிவில் இருந்த, அக்கா தங்கை இருவரில் சின்னவள்தான். பெரிய பெட்டியில் விளையாட்டை ஓடவிட்டு, அதன் கீழே சின்னப் பெட்டியின் விலையை ஒட்டச் சொன்னாள். மாடல் எண் பொடி எழுத்தில் இருக்கும்; யார் கண்ணில் படப்போகிறது? வாங்க வருகிறவர்கள் தாங்களாகக் கேட்டாலொழிய டிஸ்க் பேச்சையே எடுக்காதே என்று புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கும் பாடம் எடுத்தாள். சீல் பிரித்துவிட்டால் கடை திரும்ப வாங்காது. பத்தே நாளில் பாதிக் குவியல் காலி. மேனேஜர் அவளைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார். அன்றைக்கே அவளுக்குக் குமட்டியிருக்க வேண்டும். வெட்கக்கேடு, பெருமையாக இருந்தது.

தன் வார விடுமுறையன்று சின்னவள் அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா மகள் காலில் மாவுக்கட்டோடு சோபாவில் கிடந்தாள். இரண்டு மாதம் நடக்கக் கூடாது. தோழிகள் ஆளுக்கொன்றாகக் கொடுத்த பன்னிரண்டு டிஸ்க்குகள் மடியில். கையில் ஒரு புதுப் பெட்டியைக் குப்புறக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி, டிஸ்க்கை இதுல எங்க போடறது?"

"உன்கிட்ட சொன்னா நீயே வாங்கிட்டு வந்து நிப்பே. அதான் காலையில நானே உங்க கடைக்குப் போய் வாங்கிட்டேன்" என்றாள் அக்கா. "இருந்ததை எல்லாம் சுரண்டிப் போட்டாச்சு."

சின்னவள் பெட்டியை வாங்கி மாடல் எண்ணைப் பார்த்தாள். "இதுல டிஸ்க் போட முடியாதுக்கா" என்றாள்.

அக்கா கொதித்துப்போனாள். "டிஸ்க் பையைக் கையில வெச்சுக்கிட்டுதானே நின்னேன்! அதைப் பார்த்துட்டே அந்தப் பொண்ணு பல்லைக் காட்டி பில் போட்டாளே, என்ன ஜென்மம் அது? நாளைக்குப் போய் நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு வார்த்தை கேளு."

"அவளைக் கேட்டு என்ன செய்ய? அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்."

அக்கா, தெருவில் எதையோ மிதித்துவிட்டவள் போல முகத்தைச் சுளித்தாள்.

"டிஸ்க் ஓட்டற கருவியை நானே வாங்கித் தந்துடறேன்க்கா" என்று சின்னவள் அவசரமாகச் சொன்னாள்.

"நான் உன் அக்கா, எனக்கு வாங்கித் தருவே. மத்தவங்களுக்கு?"

சின்னவள் கையால் மட்டும் முப்பத்தெட்டுப் பெட்டிகள் போயிருந்தன. வாங்கினவர்களில் ஒரு முகத்தையாவது நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். ஒன்றுகூட வரவில்லை. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.