இளைப்பு ரயில்

அன்றைக்கு அலுவலகத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். ஜன்னலை ஒட்டிய மேசையில் அக்கா. எதிர்மேசையில் முதலாளியான தம்பி. தொலைபேசிக்குப் பக்கத்தில் தம்பியின் மனைவி. பயணிகளை ரயிலேற்றி இறக்கும் வழிகாட்டி, நாற்காலி போதாமல், யாரோ விட்டுப்போன பெட்டியின்மேல். அவரை எல்லோரும் 'விசில்' என்பார்கள். வாயில் விசில் இல்லாவிட்டாலும் குரல் அப்படி.

ரயிலில் சுற்றுலா அழைத்துப் போகும் அந்தச் சின்ன நிறுவனத்துக்குப் பயணத்துறையின் விருது கிடைத்திருந்தது. தம்பி கடிதத்தை உரக்க வாசித்தான். 'இளைப்பு ரயில் என்ற அன்பான ஏற்பாட்டுக்காக' என்ற இடம் வந்ததும் விசில் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

சிரிப்புக்குக் காரணம் இருந்தது. பயணத்திட்டங்களைத் தட்டச்சு செய்வது அக்காதான். ஒருமுறை 'இணைப்பு ரயில்' என்று அடிக்க வேண்டிய இடத்தில் 'இளைப்பு ரயில்' என்று அடித்துவிட்டாள். அந்தக் குழுவில் எல்லோரும் வயதானவர்கள். வண்டி மாறும் இடத்தில் இளைப்பாற நேரம் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்து, நடைமேடையில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார்கள். இணைப்பு வண்டி போயே போய்விட்டது. விசில் தலையில் கைவைத்துக்கொண்டு அடுத்ததில் ஏற்றிவிட்டார். ஊர் திரும்பியவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று பார்த்தால், நன்றி சொல்லி மாளவில்லை. அதன் பிறகு வண்டி மாறும் இடத்திலெல்லாம் தாராளமாக நேரம் விட்டே அக்கா திட்டம் போட்டாள். பெயரும் அப்படியே நிலைத்துவிட்டது.

அக்காவுக்கும் இளைப்பு உண்டு. நெஞ்சை இழுக்கும் இளைப்பு. ஊரையெல்லாம் ரயிலேற்றிவிட்டவள், தான் மட்டும் ஏறவில்லை.

"மேடைக்கு ஒருத்தர்தான் வரணுமாம். இந்தப் படிவத்துல பேரை எழுதித் தபால்ல அனுப்பச் சொல்றாங்க," என்று தம்பி பேனா மூடியைக் கழற்றினான்.

"வேற யாரு, நீங்கதான்," என்றாள் மனைவி. "முதல்ல ஒரு கோட்டு தைக்கக் குடுங்க. பழசுல தொப்பை அடங்காது."

"பிள்ளை பெத்தது ஒருத்தி, பேர் வாங்குறது இன்னொருத்தரா?" என்றார் விசில்.

தம்பியின் முகம் சுருங்கியது. "அக்கா போகணும்னு எனக்கு மட்டும் ஆசை இல்லையாண்ணே? விழா நடக்குற ஊருக்கு நடுவுல வண்டி மாறணும். அக்காவுக்கு முடியாது."

அக்கா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். அவளுக்குப் போக வேண்டும் போலிருந்தது. விருதுக்காகக்கூட இல்லை. காகிதத்தில் ஓட்டிய வண்டியில் ஒரு நாளாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். சொன்னால் தம்பி பயந்துபோவான் என்றுதான் இத்தனை காலம் மென்று விழுங்கினாள்.

"எழுபது வயசுக்காரங்களுக்கு ஒத்துப்போற திட்டம் எனக்கு ஒத்துக்காதாடா?"

"சின்ன வயசுல வண்டியப் புடிக்க ஓடி, நீ மூச்சு முட்டி விழுந்தியேக்கா. உன் கை என் கையிலதான் இருந்துச்சு."

"அப்ப ஓடினோம். இப்ப நடப்போம். நேரம் விடுறது நான்தானே?"

தம்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குனிந்து எழுதினான். எட்டிப் பார்த்த மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். மேடையேறுபவர் பெயர் என்ற இடத்தில் 'அக்கா' என்று எழுதியிருந்தான். பிறந்தது முதல் வாயில் வராத பெயர் கையில் மட்டும் எப்படி வரும்?

"அப்படியே அனுப்பு தம்பி," என்றார் விசில். "சபைக்கே ஒரு அக்கா கிடைச்ச மாதிரி இருக்கும்."

அக்கா சிரித்த சிரிப்பில் நெஞ்சு இழுத்தது. தம்பி பதறி எழுந்தான். "உக்காருடா," என்று கையைக் காட்டிவிட்டு மருந்தை உறிஞ்சினாள். மெல்ல மூச்சு சீரானது.

தம்பி முதலில் எழுதியதை அடித்துவிட்டு, முழுப்பெயரையும் எழுத்துக்கூட்டி எழுதினான். "நானும் கூட வருவேன். மேடைக்குக் கீழ நின்னுக்கறேன்."

"பெட்டி தூக்க ஆள் வேணும்ல," என்றாள் அக்கா.

மனைவி படிவத்தை மடித்து உறையில் போட்டாள். அக்கா பசை தடவி, ஓரங்களை நகத்தால் அழுத்தி ஒட்டி, விசிலிடம் நீட்டினாள். அவர் அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு தபால்பெட்டிக்குப் படியிறங்கினார்.