மேல் வலது கட்டம்

ஆலோசகர் வெள்ளைப் பலகையில் பெரிய சதுரம் ஒன்று வரைந்து, குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு நான்காகப் பிரித்தார். எங்கள் மருத்துவமனை அதிகாரிகள் ஏதோ உலக அதிசயம் நடப்பதுபோல வாயைப் பிளந்து பார்த்தார்கள். கீழிருந்து மேலே அதிகாரம், இடமிருந்து வலமாக அக்கறை என்றார். சலவைப் பிரிவை மூடிவிட்டு வேலையை வெளி கம்பெனிக்குக் கொடுப்பதுதான் விஷயம். அதில் சம்பந்தப்பட்ட ஒவ்வொருவருக்கும் மஞ்சள் சீட்டு எழுதி உரிய கட்டத்தில் ஒட்ட வேண்டும். மேல் வலது கட்டத்தில் இருப்பவர்கள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டால்தான் காரியம் நடக்கும். கீழே இருப்பவர்களுக்குத் தகவல் சொன்னால் போதும்.

"சொல்லாமலும் விடலாம்" என்றார் இயக்குநர். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் இயக்குநரின் உதவியாளர். மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பவள். சலவைப் பிரிவின் மேற்பார்வையாளர் என் அண்ணி என்பது அந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது. இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் எதையும் விசாரித்ததில்லை. அண்ணன் முதுகு போய் வீட்டோடு கிடக்கிறான். அண்ணியின் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது.

ஒட்டும் படலம் தொடங்கியது. கொள்முதல் அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் கனைப்பு. தொண்டையைக் கனைக்காமல் அவரால் வணக்கம்கூடச் சொல்ல முடியாது. அவர் முதல் ஆளாக எழுந்து தன் சீட்டை மேல் வலது கட்டத்தில் ஒட்டி, உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டும் தட்டினார். கணக்கு அதிகாரிக்குப் பொறுக்குமா? கனைப்புக்கு அரை விரல் மேலே தன்னுடையதை ஒட்டினார். மேட்ரன் இருவருக்கும் நடுவில் இடித்துக்கொண்டு நுழைந்தார். துணியில் கறை போகவில்லை என்று தினமும் அண்ணியை நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்குகிறவர் இவர்தான். கடைசியாக, வாகன நிறுத்தத்தைப் பார்த்துக்கொள்கிற அதிகாரியும் சீட்டோடு வந்து நின்றார்.

"சார், நீங்க எதுக்கு இதுல?" என்று ஆலோசகர் தயங்கினார்.

"வெளி கம்பெனி வண்டி எங்க நிக்கும்? என் தலையிலயா?"

நியாயம்தானே. அவரையும் ஒட்டினார்கள். அந்தக் கட்டம் பிதுங்கியது. ஆலோசகர், பணம் வாங்கியவர் அல்லவா, கோடுகளை அழித்துத் தள்ளிப் போட்டு அதை மட்டும் பெரிதாக்கினார். மற்ற மூன்றும் ரிப்பன்போல ஒடுங்கின. அதைப் பார்த்து ஒருவருக்கும் வெட்கமாக இல்லை. சலவை மேற்பார்வையாளரின் சீட்டு கீழ் மூலையில், பாதி பலகையிலும் பாதி சட்டத்திலுமாகத் தொங்கியது.

"இதைச் சுத்தமா ஒரு படமா போட்டு எல்லார்கிட்டயும் காட்டிடும்மா" என்று இயக்குநர் என்னிடம் சொன்னார்.

போட்டேன். அண்ணியின் சீட்டைத் தூக்கி மேல் வலது கட்டத்தின் நட்டநடுவில் வைத்தேன். இந்த ஜென்மங்களை எனக்குத் தெரியும். நினைத்தபடியே ஒவ்வொருவரும் படத்தை வாங்கி, தன் பெயரை மட்டும் விரலால் தேடிப் பிடித்து, "ம்" என்று திருப்பிக் கொடுத்தார்கள். கனைப்பு மட்டும் திரும்பி வந்தபோது, பிடிபட்டுவிட்டேன் என்றே நினைத்தேன்.

"கணக்கு எனக்கு மேல இருக்காரே. கொஞ்சம் இறக்கிடேன்" என்றார்.

இறக்கினேன். இயக்குநர் படத்தைப் பார்க்காமலே அதில் கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கட்டத்து ஆட்கள் எல்லோருக்கும் போல அண்ணிக்கும் அழைப்பு அனுப்பியிருந்தேன். இறுதிக் கூட்டத்தன்று அவளை நடையிலேயே மடக்கிப் பிடித்தேன்.

"அண்ணி, அவங்க எவ்வளவு குழைஞ்சாலும் கையெழுத்து மட்டும் போட்டுடாதீங்க. நீங்க போடலைன்னா அவங்களால ஒண்ணும் கிழிக்க முடியாது."

"என் வயித்துல நானே அடிச்சுக்க எனக்கென்ன பைத்தியமா?" என்றாள் அண்ணி, ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி.

அவள் உள்ளே நுழைந்ததும் அறை திகைத்தது. இயக்குநர் படத்தைப் பார்த்தார், தன் கையெழுத்தைப் பார்த்தார், என்னை முறைத்தார். படத்தைப் படிக்கவில்லை என்று எந்த வாயால் சொல்வார்? சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டு எழுந்து, தானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாங்க, வாங்க. உங்களைக் கேக்காம நாங்க எதாவது செய்வோமா?"

அண்ணி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். யாரோ அவளுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்கள். நான் போட்ட படம் மேசை நடுவில் கிடந்தது. அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இதுல நான் எங்க இருக்கேன்?"

ஆலோசகர் தொட்டுக் காட்டினார். அண்ணி குனிந்து பார்த்தாள். பிறகு அவள் விரல் மெல்லக் கீழே இறங்கி ஓர் இடத்தில் நின்றது.

"மேட்ரன் எனக்குக் கீழயா?"

"ஆமாங்க. உங்களுக்குக் கீழதான்" என்றார் இயக்குநர், வெண்ணெயாக.

மேட்ரன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணியின் முகத்தில் ஒரு சிரிப்பு படர்ந்தது. சீட்டு ஒட்டும்போது கனைப்பின் முகத்தில், கணக்கு அதிகாரியின் முகத்தில் நான் பார்த்த அதே சிரிப்பு. அண்ணி, இங்கே பாருங்கள் என்று மனதுக்குள் கத்தினேன். அவள் என் பக்கமே திரும்பவில்லை.

இயக்குநர் சலவைப் பிரிவை மூடுவதற்கான ஒப்புதல் தாளை நகர்த்தி, தன் சட்டைப் பையிலிருந்த பேனாவையே எடுத்து நீட்டினார். அண்ணி வாங்கிக்கொண்டாள். சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்களால் பேனாவின் மூடியைத் திருகினாள். இடது கை விரல் மட்டும் படத்தை விட்டு வரவில்லை. தன் கட்டத்தை அழுத்திக்கொண்டே இருந்தது.